காசிமேட்டில் தீர்ந்த கொலை வழக்கு

அன்று வலையின் ஒரு முனையில் சித்தப்பா இருந்தார், மறுமுனையில் மாமா இருந்தார், நடுவில் புத்தகத்தோடு நான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு அம்மாவும் வந்து சேர்ந்தாள். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா கத்தாரில் வெல்டிங் வேலையில் இருந்தார். கதையை எழுதியவர் முந்தின வருடமே இறந்துபோயிருந்தார். அவர் மட்டும் உயிரோடு அந்தப் பக்கம் வந்திருந்தால் எங்கள் ஆட்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். ஆண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைப்பார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். அந்தக் காதுக்குத் தீனி போடுவது என் பொறுப்பு. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டீக்கடையிலிருந்து வாரப் பத்திரிகையை இரவல் வாங்கி வந்து, அதில் வரும் துப்பறியும் தொடரைச் சத்தமாக வாசிப்பேன்.

முந்தின வருடத் தொடரில் ஏற்காட்டு பங்களா ஒன்றில் எஸ்டேட் முதலாளி செத்துக் கிடந்தார். வீட்டில் இருந்தது ஆறு பேர். கொன்றது சமையல்காரன் என்றார் சித்தப்பா. டாக்டர்தான் என்றார் மாமா. தோற்றவர் படகு ஆட்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி போட வேண்டும் என்று பந்தயம் ஆனது. முடிவு வருவதற்குள் எழுத்தாளர் காலமாகிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் கருப்புக் கட்டம் கட்டி ஒரு படம் போட்டு, தொடரை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த சில மாதங்களில் வேறொரு சண்டை வந்தது. மாமா என்பவர் அம்மாவின் அண்ணன், சித்தப்பா அப்பாவின் தம்பி. படகும் வலையும் இருவருக்கும் பொது. பழைய எஞ்சினை மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சித்தப்பா விற்றுவிட்டார். அதோடு பேச்சு நின்றுபோனது. பொது வலை என்பதால் தைக்கும்போது மட்டும் ஒன்றாக உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தார்கள், ஆனால் பேசுவது எல்லாம் என் வழியாகத்தான்.

"டேய், அவராண்ட சொல்லு, கயித்த இழுத்துப் புடிக்கணுமாம்" என்பார் சித்தப்பா.

நான் திரும்பி, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் மாமாவிடம் சொல்வேன்.

"எஞ்சின விக்கச்சொல்லோ வலிக்காத கைதான, அவரையே இழுத்துக்கச் சொல்லு" என்பார் மாமா. அதையும் ஒரு எழுத்து விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடத்துக்கு எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

அம்மாவுக்கு இது விளையாட்டாக இல்லை. ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்காததால் அவர் இடத்தில் சித்தப்பா நிற்க வேண்டும். அவர் நிற்கிற மேடையில் நான் கால் வைக்க மாட்டேன் என்று இருவரும், தனித்தனியாக, ஒரே வாசகத்தைச் சொல்லியிருந்தார்கள். அப்பா வெள்ளிக்கிழமைதோறும் போனில் இருவரையும் சமாதானப்படுத்தினார். அதில் போன் காசுதான் கரைந்தது.

அந்த நேரத்தில்தான் டீக்கடைப் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். இறந்துபோன எழுத்தாளரின் அந்தரங்கக் குறிப்பேடுகள் புத்தகமாக வந்திருக்கின்றனவாம். அவர் கதை கட்டிய விதம் எல்லாம் அவர் எழுதி வைத்தபடியே இருக்கிறதாம். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கோடு போட்ட நோட்டு ஒன்று கேட்டால் பழைய நோட்டில் மிச்சத் தாளைத் தேடச் சொல்கிற அம்மா, கருவாட்டுக் காசு முடிந்து வைத்திருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். "நாளிக்கே போயி வாங்கினு வந்துடலாம்" என்றாள்.

அப்படித்தான் அந்தக் கெட்டி அட்டைப் புத்தகம் வலைக்கு நடுவில் வந்து சேர்ந்தது. நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இவ்வளவு கொலை செய்தவரின் அந்தரங்கம் ரத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அவரோ, 'அரை லிட்டர் பால் பாக்கி. எலி மருந்து வேண்டாம், போன கதையில் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தார். 'மாமியாரை இந்த வாரம் கொல்ல வேண்டாம், தீபாவளி இதழ்' என்று ஓரிடத்தில். 'இன்ஸ்பெக்டருக்கு மீசை உண்டா? பழைய இதழைப் பார்க்கவும்' என்று இன்னோரிடத்தில். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் சிரித்தார், ஆனால் கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு.

"பங்களா கேசுக்கு வரச் சொல்லு" என்றார் மாமா.

"நானும் அதான் சொல்றேன்னு சொல்லு" என்றார் சித்தப்பா.

பக்கத்தைத் தேடி எடுத்தேன். 'ஏற்காடு பங்களா' என்று தலைப்பு. பக்கத்து வலைக்காரர்கள்கூட ஊசியை நிறுத்திவிட்டார்கள். நான் வாசித்தேன்: 'சமையல்காரன் என்றால் வாசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். டாக்டர் என்றால் அரதப் பழசு. யார் கொன்றது என்று எனக்கே இன்னும் தெரியாது. ஆறு பேர் மேலும் சந்தேகம் வருகிற மாதிரி தள்ளிக்கொண்டு போகிறேன். கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம். நாளை பல் டாக்டர்.'

அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினால் வேறு கதை.

சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது? எய்தன மன்சனுக்கே தெர்லியாமே."

"பொணத்த நம்ம தலையில கட்டிட்டுப் பூட்டாரு மாப்ள" என்றார் மாமா. "ஒரு வருசமா நாமதான் தூக்கினு சுத்தினு கீறோம்."

ஒரு கொலையை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட முடியுமா என்று சித்தப்பா கேட்டார். முடியாது என்றார் மாமா. வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு மணலில் கோடு கிழித்து பங்களா கட்டினார்கள். வலையில் கட்டும் மிதவைகளை எடுத்து ஆறு பேரையும் அந்தந்த அறையில் உட்கார வைத்தார்கள். வலையின் ஈயக் குண்டு ஒன்று முதலாளியாகச் செத்துக் கிடந்தது. ஜன்னல் எந்தப் பக்கம், பால் டம்ளர் யார் கையில் என்று இருவரும் முட்டி போட்டுக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். புத்தகத்தில் அப்படி இல்லை என்று நான் குறுக்கே சொன்னேன். "புக்கு கெடக்குது, நீ நவுரு, சமையல்கட்டு மேல குந்திகினு கீற" என்றார் மாமா.

வெயில் தாழ்வதற்குள் வழக்கு முடிந்தது. விஷத்தை வாங்கிக் கொடுத்தவர் டாக்டர், பாலில் கலந்தவன் சமையல்காரன். இருவரும் கூட்டு. ஆகவே இருவருக்கும் வெற்றி, இருவருக்கும் தோல்வி. பிரியாணியை இருவருமாகப் போடுவது என்று தீர்ப்பானது. தடைக்காலத்தில் இருவர் கையிலும் காசு கிடையாது என்பது தீர்ப்புக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருவரும் ஒன்றாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா அதுவரை தூக்கைக்கூடக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கோ காசு கொடுத்து ஏமாந்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் வரை ஒருவரும் என்னிடம் ஒரு சேதியும் சொல்லி அனுப்பவில்லை. புத்தகத்தையும் கேட்கவில்லை. அம்மாவும் ஏமாந்ததை நினைத்துத்தான் அழுகிறாள் என்று முடிவு செய்து, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, பக்கம் எதுவும் மடங்கவில்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தைரியம் சொன்னேன்.

"போடா, பட்ச்சவனே" என்று என் தலையில் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை படகு ஆட்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். மாமாவுக்கு சித்தப்பா பரிமாறினார். அன்று அப்பா போன் செய்தபோது அம்மா செலவை என்னிடமே கூட்டச் சொன்னாள். புத்தகம் நானூற்றைம்பது, பிரியாணி மூவாயிரம், கலர் சோடா இருநூறு. தொகையைக் கேட்டு இந்த முனையில் அம்மாவும் அந்த முனையில் அப்பாவும் லாபம் வந்ததுபோலச் சிரித்தார்கள். கொலைகாரன் யாரென்றே சொல்லாத ஒரு புத்தகத்தை நம்பி வீட்டுப் பணத்தைத் தொலைத்துவிட்டு இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல், விடை தப்போ என்று மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது, மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.