பொட்டு வைத்த பாஸ்போர்ட்

போன வருஷம் ஆவணிக் கடைசியில் மலேசியாவிலிருந்து என் மருமகன் போன் செய்தார். என் மகள் வள்ளிக்குக் கல்லீரலில் புற்றுநோய் முற்றிவிட்டது என்றார். அதுவரை மஞ்சள் காமாலை என்றுதான் என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அத்தே, டாக்டர் கைய விரிச்சுட்டாக. அவ உங்களத்தேன் கேக்குறா. சீக்கிரம் வந்துருங்க" என்றார். போனை அவளிடம் கொடுத்தார். "அம்மா, வர்றியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்டது.

எனக்கு அவள் ஒரே பிள்ளை.

சனிக்கிழமை பஜனைக்கு வரும் பெண்கள், நடந்ததை மைக்கில் சொல்லுங்கள் என்று என்னைப் பல தடவை கூப்பிட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதனால் எழுதித் தருகிறேன். கல்லல் பக்கத்துக் கிராமம் எனக்கு. காட்டு வேலை, மாடு, இது தவிர வேறு தெரியாது.

பேத்தி பிறந்தபோது என் வீட்டுக்காரர் என்னை மதுரைக்குக் கூட்டிப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். நான் மட்டும் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கி, குளிப்பாட்டி, மருந்து அரைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்த மாதமே அவர் மாரடைப்பில் போய்விட்டார். அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்தேன். கடல் தாண்டி என் பேத்தியைக் காட்டிய புத்தகம் அது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, நெல் அளக்கிற மரக்காலோடு அதையும் எடுத்து வைத்து, என் படம் இருக்கிற பக்கத்தைத் திறந்து சந்தனமும் குங்குமமும் வைப்பேன். விளக்கு எண்ணெயும் அதன் மேல் சொட்டியிருக்கிறது. அதற்கு ஒரு காலக்கெடு உண்டு என்பது எனக்குத் தெரியாது.

மருமகன் போன் செய்த அன்றே என் கொழுந்தன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் என்னைக் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் போனாள். மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டியதில்லை, பாஸ்போர்ட் இருந்தால் ஏறிவிடலாம் என்றார்கள். பாஸ்போர்ட்டை நீட்டினேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் என் படத்தில் நெற்றியும் இல்லை, கண்ணும் இல்லை. நம்பர் மேல் குங்குமம் எண்ணெயோடு ஊறிப் போயிருந்தது. கெடுவும் எப்போதோ முடிந்திருந்தது.

பஞ்சவர்ணம் வாயில் கை வைத்தாள். "ஏக்கா, பாஸ்போட்டுக்குப் பொட்டு வச்ச ஆளு இந்த ஒலகத்துலயே நீங்க ஒருத்திதேன். பூவும் வச்சிருக்கலாம்ல."

பூவும் வைத்தேன் என்று நான் சொல்லவில்லை.

மதுரை பாஸ்போர்ட் ஆபீஸில் அதைப் பார்த்த அதிகாரியம்மா, "இது என்ன, ரத்தமா?" என்று கேட்டார்கள்.

"குங்குமங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இது கவர்மெண்ட் சொத்தும்மா. பூஜை பண்ணவா கொடுத்தோம்? நம்பர் தெரியல, தேதி தெரியல. சேதமான பாஸ்போர்ட்டுன்னுதான் எடுக்க முடியும். விசாரணை முடியணும், மாசக்கணக்குல ஆகும்" என்றார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. சட்டம் அப்படி. ஆனால் என் மகள் சாகக் கிடக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை. முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். பஞ்சவர்ணம்தான் முன்னால் வந்து, "அம்மா, இவுகளுக்குக் கேக்கத் தெரியாது. சாகக் கெடக்குற மகளப் பாக்கப் போறாக" என்றாள். அந்த அம்மா முகம் மாறியது. ஆஸ்பத்திரிக் கடிதம் வாங்கி வாருங்கள், பெரிய ஆபீசரைப் பாருங்கள் என்றார்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு நெஞ்சு கசந்தது. பக்தியோடு வைத்த குங்குமமே என் மகளுக்கும் எனக்கும் நடுவே வந்து நிற்கிறதே. ஊரில் சாமியே கும்பிடாதவர்கள் எல்லாம் ஏரோப்பிளேனில் போய் வருகிறார்கள். நான் மட்டும் கும்பிட்டுக் கெட்டேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை அரியக்குடிப் பெருமாள் கோவிலுக்குப் போனோம். கூட்டத்தில் நான் பின்னால்தான் நிற்பேன். அன்றைக்கும் பின்னால் நின்றேன். "பெருமாளே, எம் புள்ள முகத்த ஒரு தடவ பாத்தாப் போதும். வேற ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி அழுதேன். கோவில் மதில் மூலையில் இருக்கிற மூலைக் கருடனுக்குச் சிதறுகாய் போட்டேன். தேங்காய் நன்றாகச் சிதறியது. பஞ்சவர்ணம், "நல்ல சகுனந்தேன்க்கா, வாங்க" என்றாள்.

மருமகன் போனில் அனுப்பிய ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் மதுரைக்குப் போனோம். பெரிய ஆபீசர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அவர் ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். அது வெள்ளையாக, புதிதாக இருந்தது.

"முன்னால அவ்வளவு பொட்டு வச்சீங்க, இதுக்கு மட்டும் ஏம்மா வைக்கல?"

பஞ்சவர்ணத்தின் காதில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. இறந்தவர் பெயர் மேல் குங்குமம் வைக்க எனக்குக் கை வந்ததில்லை. அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிடுவேன், எண்ணெய்கூடப் படவிட்டதில்லை. பஞ்சவர்ணம் அதை அவரிடம் சொன்னாள். அவர் அந்தப் பக்கத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

அந்தப் பக்கத்தின் அடியில்தான் பழைய பைல் நம்பர் இருந்ததாம். அதைத் தட்டியதும் கம்ப்யூட்டரில் என் படம், கைரேகை, விலாசம் எல்லாம் வந்தது. "அவங்கதான் இவங்க. இதுக்கு மேல என்ன விசாரணை?" என்று கையெழுத்துப் போட்டார். போலீஸ் விசாரிப்பைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து பெருமாளே பெருமாளே என்று அழுதேன். அந்த வாரமே தபால்காரர் புதுப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

திருச்சியில் ஏறினேன். இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வள்ளி உடம்பு கட்டிலில் இருப்பதே தெரியவில்லை. வயிறு மட்டும் வீங்கி, முகம் மஞ்சளாக, சின்னப் பிள்ளை முகம் போல ஒடுங்கிப் போயிருந்தது. நான் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தாள். "வந்துட்டியா" என்றாள். என் கன்னத்தைத் தொட்டாள். அவ்வளவுதான். விடியும்போது போய்விட்டாள்.

முகத்தைப் பார்த்தேன். கேட்டது கிடைத்தது.

காரியம் முடிந்து ஊருக்கு வந்தபோது எல்லோரும், "பெருமாள் கைவிடல பாத்தியா" என்றார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை அரியக்குடிப் பக்கமே திரும்பவில்லை. சாமி மாடத்தில் விளக்கும் வைக்கவில்லை. பஞ்சவர்ணத்திடம், "பெருமாள் என்னய ஏமாத்திட்டாருடி" என்றேன்.

"அவரு எங்கக்கா ஏமாத்துனாரு? முகத்தப் பாத்தாப் போதும்னு கேட்டீக. நானுந்தேன் பக்கத்துல நின்னேன். கடையில போயி அரைக் கிலோ கேட்டுட்டு, ஒரு கிலோ தரலையேன்னு சண்டைக்கு நிக்கிறீக."

அவளை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். ரொம்ப நாள் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. உண்மைதானே. நான் எங்கே போனாலும் கொஞ்சமாகக் கேட்கிறவள். ரேஷன் கடையில் குறைவாகப் போட்டால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். புருஷனிடம் ஒரு சேலை கேட்டதில்லை. சாமியிடமும் அப்படியே கேட்டேன். என் பிள்ளையைப் பிழைக்க வை என்று கேட்க வாய் வரவில்லை. அது பெரிய கேள்வி, நமக்கு எதற்கு என்று நினைத்துவிட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? தெரியாது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. போனது என்று எழுதினால் பொய்.

ஆனால் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வள்ளியின் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். வேறு தேசத்திலிருந்து வேலைக்கு வந்தவள். அவளைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவள் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அவள் அம்மா எந்த ஊரில் எந்தச் சாமியிடம் அழுதுகொண்டு இருந்தாளோ. என் மகளைப் பார்க்க நான் போய்விட்டேன். வள்ளி தன் அம்மா கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அதை எனக்குக் கொடுத்தது பெருமாள்தான். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

சித்திரையில் நானே பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். "ஏன்டி, இன்னைக்குச் சனிக்கிழம, அரியக்குடிக்கு வர்றியா?" என்று கேட்டேன். "வாயத் தொறந்து கேக்கப் பழகிட்டீகளே" என்று செருப்பைத் தேடினாள். அன்றைக்குக் கூட்டத்தை விலக்கி முன்னால் போய் நின்றேன். முதல் தடவை.

புதுப் பாஸ்போர்ட் பீரோவில், வள்ளியின் தாவணியில் சுற்றி இருக்கிறது. பொட்டு வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். பேத்தி போன் செய்து, "அம்மாச்சி, லீவுக்கு வருவீங்களா?" என்று கேட்கிறாள். வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என்னைப் போலப் பின்னால் நிற்கும் பெண்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். அவர் காது கொடுக்கிறார். ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார், அதை நான் கண்டுவிட்டேன். அதனால் முன்னால் போங்கள். நம்பிக் கேளுங்கள், நிறையக் கேளுங்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் பாடு.

என் பேத்திக்காக நான் தினமும் கேட்கிறேன். ஆயுசு, படிப்பு, கல்யாணம், பிள்ளை குட்டி, எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் பழைய பழக்கத்தில் "போதும்" என்று வாய் வரை வருகிறது. அதை மட்டும் விழுங்கிவிடுகிறேன்.