மடக்கு சீட்டுக்கு அனுபவ பாத்தியம்

சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். பரிசோதகர் உத்தியோகம். யாராவது ஒரு பொருளைச் செய்து, இது என் மூளையில் உதித்தது, வேறு எவரும் இதைப் பார்த்துச் செய்யக் கூடாது என்று அரசாங்கத்திடம் எழுதிக் கேட்டால், அது நிஜமாகவே புதிதுதானா என்று தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அது புதிதுதான். எனக்குத்தான் எதுவும் புதிதாகப் படாது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே எவனாவது ஒரு ஜெர்மன்காரன் செய்து வைத்திருப்பான். அந்தத் தாளைக் கண்டுபிடித்து 'இல்லை' என்று எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் பிரிவு வாகன உதிரிகள். ஒரு நாள் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. வேனுக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் பாடி கட்டுகிற ஒரு பட்டறைக்காரர் அனுப்பியிருந்தார். வக்கீல் கிடையாது. படங்களைப் பள்ளிக்கூடக் கட்டத் தாளில் பென்சிலால் போட்டு, மேலே மை ஓட்டியிருந்தார். வண்டியின் பக்கச் சுவரோடு மடிந்துகொள்ளும் நீளமான சீட்.

மடக்கு சீட்டில் தொல்லையே கொக்கிதான். ஒரு கையால் கொக்கியை எடுத்து, மறு கையால் பலகையைத் தாங்க வேண்டும். இவர் கொக்கியே இல்லாமல் செய்திருந்தார். பலகையைத் தூக்கினால் அதன் கால்கள் இரண்டும் தங்கள் கனத்தாலேயே உள்ளே சாய்ந்து ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி என்ன குலுங்கினாலும் விழாது. இறக்குவதற்குக் கீழிருந்து முழங்காலால் ஒரு இடி. பயன் என்ன என்று கேட்கும் இடத்தில் அவர் எழுதியிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. போகும்போது நெல் மூட்டை ஏற்றலாம். திரும்பும்போது நடவுக்குப் போன பெண்கள் உட்காரலாம். தலையில் கூடையும் இடுப்பில் பிள்ளையும் இருந்தாலும் அவர்களே இறக்கிக்கொள்ளலாம்.

நான் தேடினேன். ஜெர்மன்காரன் கைவிரித்துவிட்டான். ஜப்பானிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. மூன்று வாரம் தேடியும் கிடைக்காதபோது எனக்கு எரிச்சல் வந்தது. அப்புறம் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நம் பக்கத்து ஆள் ஒருவர் இதைச் செய்திருக்கிறாரே என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் அறிக்கையில் சில சில்லறை ஆட்சேபங்களோடு, வழக்கமான ஒரு கேள்வியும் போயிற்று. விண்ணப்பித்த தேதிக்கு முன்பு இந்தப் பொருள் எங்கேனும் உபயோகத்தில் இருந்ததா? எல்லோருக்கும் போகிற கேள்விதான். ஊரறிய முன்பே ஓடிக்கொண்டிருந்த பொருள் சட்டத்தின் கண்ணில் புதிதல்ல. செய்தவரே ஓட்டியிருந்தாலும் சரி, போனது போனதுதான். அதனால் பதில் என்று வந்தால் 'இல்லை' என்று ஒரு வரி வரும். 'ஆமாம்' என்று எழுதியவரை நான் பார்த்ததில்லை.

விசாரணைக்கு அவர் நேரிலேயே வந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கைவரை வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். எங்கள் மேலதிகாரி வர ஒரு மணி நேரம் இருந்தது. பட்டறைக்காரர் என் மேசைக்கு வந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார்.

"கேட்டிருந்தீங்கள்ல சார், முன்னாடியே அனுபவத்துல இருந்துச்சான்னு? அத்தனைக்கும் அத்தாட்சி கொண்டாந்துட்டேன்."

பதினான்கு முத்திரைத் தாள்கள். மன்னார்குடியில் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் எங்கள் ஆங்கிலக் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். அவர் வாழ்நாளெல்லாம் நிலப் பத்திரம் எழுதியவர். உபயோகத்தில் இருந்ததா என்று அரசாங்கம் கேட்டால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். 'மேற்படி மடக்கு சீட்டானது பதினொரு வருஷ காலமாக மேற்படியாரால் யாதொரு தடங்கலுமின்றி, ஊரார் அறிய, ஆண்டு அனுபவிக்கப்பட்டு வருகிறது. இதில் வேறு எவருக்கும் எவ்வித பாத்தியமும் இல்லை.' கீழே வேன் டிரைவர்களின் கையெழுத்து, அரிசி மில்காரர் கையெழுத்து, நடவுப் பெண்கள் ஒன்பது பேரின் கட்டைவிரல் ரேகை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டுக்கு எல்லை மட்டும்தான் எழுதவில்லை, வடக்கே வாய்க்கால், தெற்கே வரப்பு என்று. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்.

"இவ்வளவு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு அத்தாட்சி இல்லாமத்தான் சார் எல்லாம் போச்சு" என்றார். "ஏழு மா நிலம். இருவத்தஞ்சு வருஷம் குத்தகைக்கு உழுதாரு. உழுதவன் பேரப் பதிஞ்சுக்கலாம்னு சட்டம் வந்துச்சு பாருங்க, அப்பப் போயி நின்னாரு. தாசில்தாரு அடங்கல்ல பேரு இருக்கான்னு கேட்டாரு. இல்ல. எங்கூரு கணக்குப்பிள்ளை எழுதல. அடுத்த பசலி, அடுத்த பசலின்னே ஓட்டிட்டாரு. சாட்சிக்கி வர்றேன்னவங்களும் மிராசுக்குப் பயந்துக்கிட்டு வரல. எழுதிக் குடுத்த மனுவக்கூட யாரும் வாங்கிச் சீல் போடலைங்க. அதக் கையிலயே வச்சுக்கிட்டுத் திரும்புனாரு."

"எந்த ஊரு?"

சொன்னார். அது என் ஊர். அந்தக் கணக்குப்பிள்ளை என் அப்பா.

அடங்கல் என்பது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராமக் கர்ணம், அதாவது கணக்குப்பிள்ளை, பசலி என்கிற ஒவ்வொரு வருவாய் வருஷத்துக்கும் எழுதுகிற பதிவேடு. அப்போது நான் கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கழக ஆட்சி வந்து, வயல் வரப்புகளில் சிவப்புக் கொடி நின்று, அறுவடைக்குப் போலீஸ் வேன் வந்துகொண்டிருந்த வருஷங்கள். லீவுக்கு வந்திருந்த ஒரு நாள் காலையில், குத்தகைக்காரர் ஒருவர் வந்து எங்கள் வாசலில் நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. அந்த வருஷம் அது ஒரு பெரிய சங்கதி. "இந்தத் தடவையாச்சும் எம்பேர எழுதிருங்க" என்றார். அப்பா பேனாவை மூடிவிட்டு, கோபமே இல்லாமல், "அடுத்த பசலிக்குப் பாக்கலாம் போ" என்றார். எங்கள் வீட்டில் பொங்கிய சோறு மிராசுதார் அனுப்பிய நெல். அது எனக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்து நான் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த முகம் இப்போது எனக்கு நினைவில்லை. துண்டுதான் நினைவிருக்கிறது.

பின்னால் அரசாங்கம் கர்ணம் பதவியையே ஒழித்தபோது அப்பா பதிவேடுகளைக் கட்டி ஒப்படைத்துவிட்டு வந்து அழுதார். நான் அவரைத் தேற்றினேன். எழுதாமல் விட்டவர்களைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

"நடவு முடிஞ்ச வயல்லேந்து எறக்கிவிட்டுட்டாங்க சார்" என்று பட்டறைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "திருத்துறைப்பூண்டிக்கி வந்து நான் பட்டறையில சேந்தேன். அம்மா நடவுக்குப் போயிட்டு டிரெய்லர்ல நின்னுக்கிட்டே வரும். அதுக்கு உக்கார ஒரு எடம் பண்ணப் போயித்தான் இது. போன வருஷம் ஒரு கம்பெனிக்காரங்க வந்து படம் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. நாளைக்கி இது அவங்களுதுன்னு ஆயிரக் கூடாதுல்ல? அதுக்குத்தான் சார் ஒரு காயிதம். இது என்னுதுன்னு ஒரு காயிதம்."

கட்டு என் மேசையில் கிடந்தது. இன்னும் அது எந்தப் பதிவிலும் ஏறவில்லை. ரப்பர் முத்திரையைக் குத்தித் தேதி போட்டால்தான் கோப்பில் சேரும். 'இதெல்லாம் இங்க வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். அந்தச் சீட்டை உலகத்தில் வேறு எவனும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டைத் தவிர அவருக்கு எதிராக எதுவும் கிடையாது.

அப்படிச் சொல்வது சட்டப்படி தப்பு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நான் முத்திரையை எடுத்ததாகச் சொன்னால் அது பொய். அவர் அப்பாவின் மனுவை ஒருவரும் வாங்கவில்லை. இவர் நீட்டுகிற தாளையும் நான் வாங்காமல் திருப்பினால் கர்ணம் மகன் கர்ணம்தான் என்று ஆகிவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் வேறு ஆள் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினான்கு தாளிலும் ஒவ்வொன்றாகக் குத்தினேன். ரேகைகள் மேல் படாமல் பார்த்துக் குத்தினேன்.

அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. "சீல் போட்டு வாங்கிக்கிட்டீங்களே, அதுவே போதும் சார். எங்கப்பா பாத்திருக்கணும்" என்றார்.

விசாரணை பத்து நிமிஷம்கூட நடக்கவில்லை. மேலதிகாரி கட்டைப் புரட்டிவிட்டு, "எத்தன வருஷமா ஓடுது?" என்று கேட்டார். "பதினோரு வருஷம் சார், ஒரு நாள் தடங்கல் இல்ல" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். உத்தரவு தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். கதவு சாத்தியதும் மேலதிகாரி சிரித்தார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?" நானும் கூடச் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வராந்தாவில் அவர் எனக்காகக் காத்திருந்தார். "சாருக்கு நம்ம பக்கந்தானோ? பேச்சு அப்படித்தான் இருக்கு. எந்த ஊரு சார்?"

"கும்பகோணம்" என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் கொண்டுவந்த அத்தாட்சிதான் உங்களைக் கெடுக்கப்போகிறது, நிலத்துக்கு எது பலமோ இங்கே அதுவே பலவீனம் என்று. சொன்னால் பேச்சு நீளும். நீண்டால் ஊர் வெளியே வந்துவிடும். அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நிராகரிப்பு உத்தரவை நான்தான் எழுதினேன். இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல். ஆதாரம் என்ற இடத்தில் பதினான்கு பேரின் பெயரையும் ஒருவர் விடாமல் எழுதினேன். என் அப்பா எழுதாமல் விட்டு அந்தக் குடும்பத்தை வயலைவிட்டு இறக்கினார். நான் எழுதி இறக்கினேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மன்னார்குடிக்காரரின் அதே கையெழுத்து, அதே நடை.

'ஐயா, தங்கள் உத்தரவு கிடைத்தது. பதினொரு வருஷ அனுபவம் போதாது என்று மனு தள்ளுபடியானதாக அறிகிறேன். எத்தனை வருஷம் பூர்த்தியாக வேண்டும் என்று தயவுசெய்து தெரிவித்தால், அதுவரை பொறுத்திருந்து மறுபடியும் மனுச் செய்துகொள்கிறேன். சாட்சிகள் பதினான்கு பேரும் தற்சமயம் சௌக்கியமாக இருக்கிறார்கள்.'

மேலதிகாரி ஓரத்தில் 'பதில் தேவையில்லை' என்று எழுதி என்னிடம் அனுப்பினார். நான் முத்திரை குத்தி, தேதி போட்டு, கோப்பில் சேர்த்தேன்.