பாப்பாமோட்டைக்குப் போன ஆறு மிதப்புகள்

காலை ஆறரைக்குத் தலைமன்னார் துறையடியில் பஸ் ஏறினேன். மன்னார்ப் பட்டினம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் நூற்றியிருபது ரூபாய். மடியில் ஓர் உரப்பை. அதற்குள் தோடம்பழ ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாய் ஆறு வலை மிதப்புகள். கொண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்தார். முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் 'நானா' என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"எங்க நானா இதுகளோட?"

"பாப்பாமோட்டைக்கு."

"அங்க கடல் இல்லையே! வயலுக்கையோ வலை போடப்போறீங்கள்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். நாலுபேர் நடுவில் விளக்கம் சொல்ல வராது.

இங்கே எழுதுவது சுலபம். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மகள் வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே பிறந்து, உயிர் தங்காமல் மௌத்தாகிவிட்டாள். கண்ணூறு படும் என்று பிள்ளைப்பேற்று நாளை வெளியில் சொல்லாமல் இருந்தோம். எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. வலி கண்டபோது எங்கள் தெருவொழுங்கையில் இருந்த ஒரே ஆட்டோக்காரர் மடுவுக்கு ஆளேற்றி ஹயர் போயிருந்தார். "தெரிஞ்சிருந்தா நான் போயிருக்கமாட்டனே" என்று பிறகு வந்து அழுதார்.

என் மனைவி பரீதா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். கடலில் மிதப்பைக் கண்டால் கீழே வலை இருக்கிறது என்று படகுக்காரன் விலகிப் போவான். அதுபோல நாள் நெருங்கிய வீட்டு வாசல் படலையில் ஒரு மிதப்புத் தொங்கவேண்டும், அதைக் கண்ட ஆட்டோக்காரர் தூர ஹயர் போகக்கூடாது என்று வீடுவீடாக ஏறிச் சொன்னாள். இப்போது எங்கள் துறையடியில் அது வழக்கமாகிவிட்டது.

பாப்பாமோட்டைச் சிவமலர் மன்னார் கிளினிக்கில் காத்திருக்கும் வாங்கில் பரீதாவோடு இருந்து பழகியவர். அவருடைய முதல் பிள்ளையும் தங்கவில்லை. "பொம்பிளையளுக்கு விளங்கிட்டுது அக்கா. ஆம்பிளையளுக்கு ஓர் ஆம்பிளை வந்து சொல்லட்டும்" என்று கேட்டிருக்கிறார். பரீதா என்னை அனுப்பினாள். ஏன் என்னை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மன்னாரில் பஸ் மாறினேன். பாலம் தாண்டித் தள்ளாடியில் பூநகரி வீதிக்குத் திரும்பியதும் உப்புக்காற்று நின்று, சேற்று மணம் வந்தது. பாப்பாமோட்டையில் இறங்கும்போது ஒன்பது மணி. சிவமலர் சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தார்.

சனசமூக நிலையத்துக்கு ஐந்து ஆண்கள் வந்தார்கள். பாடமாக்கிக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. மிதப்புகளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது விக்கிறதுக்கோ?" என்றார் ஒருவர்.

சிவமலர்தான் என் மகளின் கதையோடு சேர்த்து விளக்கினார். எல்லோரும் யோகன் என்ற இளைஞனைப் பார்த்தார்கள். அவன் மனைவி கலாவுக்கு நிறைமாதம். முதல் பிள்ளையை இழந்த வீடு அதுவும்.

"படலையில கட்டினா ஊர்க்கண் முழுக்க அவளின்ர வயித்திலதான்" என்றான் யோகன். "அதோட, குறை நினைக்காதேங்கோ நானா. எங்கட வீட்டில ஒண்டு போனது காணும். இதுவும் பிள்ளை செத்த வீட்டில இருந்து வந்த சாமான்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொல்வது சரியாக இருந்தால் என்ன செய்வது என்ற பயந்தான் வந்தது.

"நானும் பிள்ளை செத்த வீடுதான்" என்றார் சிவமலர். "என்ர கிணத்துத் தண்ணியை நாள்தோறும் குடிக்கிறாய். அது கசக்கேல்லையோ?"

யோகன் எழுந்து வீட்டுக்குப் போனான். சிவமலர் ஒரு மிதப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். நானும் போனேன்.

கலா வாசலில் கதிரை போட்டு இருந்தாள். விஷயத்தைக் கேட்டு, மிதப்பை வாங்கி உருட்டிப் பார்த்தாள்.

"பூசணிக்காய் மாதிரியெல்லே இருக்கு."

உள்ளே போய் அடுப்புக்கரியும் சுண்ணாம்பும் எடுத்து வந்தாள். புதுவீடு கட்டும்போது கண்ணூறு கழியத் தொங்கவிடும் பூசணிக்காயில் கீறுவார்களே, அந்த முகத்தைக் கீறினாள். பெரிய கண், மீசை, வெள்ளைப் பல்.

"இனிக் கண் இதிலதான் படும், எனக்குப் படாது. கட்டுங்கோ."

யோகன் கிட்ட வந்து பார்த்தான். "உன்ர அண்ணன் மாதிரியே இருக்கு" என்றான். பிறகு கட்டினான்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "சரி, இந்த மூஞ்சை இறங்குமட்டும் தூர ஹயர் என்ன, நான் முருங்கனுக்கும் போகமாட்டன்" என்றார்.

ஊர் காணவேண்டும் என்று நாங்கள் கட்டுவதை, ஊர்க்கண் படாமலிருக்க இவர்கள் கட்டுகிறார்கள். எங்களை வாய்மூட வைத்த அதே பயம் இங்கே மிதப்பைக் கட்டவைக்கிறது. நான் வந்த வேலை முடிந்ததா, கெட்டதா? பரீதாவுக்குப் போன் எடுத்தேன்.

"முகம் கீறிப்போட்டினம்."

"கண்ணும் வச்சோ?"

"ஓம். பல்லும்."

"கட்டினவைதானே?"

"ஓம்."

"பிறகென்ன, வாங்கோ."

மிச்ச ஐந்து மிதப்புகளையும் சிவமலரிடம் விட்டுவிட்டேன். இரண்டரை பஸ்ஸுக்கு யோகன் என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டான்:

"நானா, உங்கட பிள்ளைக்குப் பேர் வச்சனீங்களோ?"

"சஹ்ரா" என்றேன்.

"நல்ல பேர்" என்று சொல்லி, வெறும் உரப்பையை எடுத்துத் தந்தான்.

எங்கள் துறையடியில் நல்ல மனிதர்கள்தான் இருக்கிறார்கள். கேட்டால் எனக்கு நோகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே நான் சொன்னது அன்றுதான், அதுவும் வயலோரத்தில், அரைநாள் பழகிய ஒருவனிடம். நொந்ததா, ஆறியதா என்று பாலம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். தெரியவில்லை. இன்னொருவர் கேட்டாலும் சொல்வேன் என்பது மட்டும் தெரிந்தது.