அத்தை முறைத் தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளை பெரியவளானால், சடங்கன்று அவள் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற அத்தை முறை உள்ளவர்கள்தான் செம்பை எடுக்க வேண்டும். முறை இல்லாதவள் எவ்வளவு வேண்டியவளாக இருந்தாலும் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

நானும் அவளும் லய வரிசை வீட்டில் ஒரே காம்பிரா அறையில் குடியிருந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் மலையில் கொழுந்து எடுக்கிறாள். நான் ஹட்டனில் ஒரு தையல் கடைக்குப் போகிறேன். கேட்டவர்களிடமெல்லாம் என்னைக் கூடப்பிறக்காத தங்கச்சி என்றே சொல்லிவைத்திருந்தாள். அவளுடைய அண்ணனும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அவருடைய மூத்த மகளின் சடங்கில், "நீயும் அத்தைதானே, ஊத்தும்மா" என்று என் கையில் செம்பைக் கொடுத்தவரே அவர்தான்.

எங்களைப் போன்றவர்களுக்காகக் கொழும்பிலிருந்து வந்து ஹட்டனில் கூட்டம் போடுவார்கள். நாங்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று முதலில் சட்டம் சொல்ல வேண்டும், கல்யாணம் அதற்கப்புறம்தான் என்பார்கள். இந்த வருஷம் வந்துவிடும் என்பார்கள். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வார்கள். போய்ப் போய் எனக்கு அலுத்துவிட்டது. பிளேன்டீயும் ரோல்ஸும் மட்டும் தவறாமல் வந்தன. அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை. "நம்ம வீட்டு விசயத்தை எதுக்கு நாலு பேருக்கு முன்னால பேசணும்? வாயை மூடிக்கிட்டு இருந்தா நிம்மதியா இருக்கலாம்" என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் போட்டு உடைத்தாள். போன மழைக்காலத்தில் அண்ணன் எனக்கென்று கினிகத்தேனையில் ஒரு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்தார். இவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"அவ என் தங்கச்சி இல்லண்ணே. நாங்க ரெண்டு பேரும் குடும்பமா இருக்கோம்."

அண்ணன் சத்தம் போடவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "சரி, மழை வருது, வாரேன்" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகும் நுவரெலியா போனால் எங்களுக்குக் கறிக்கு லீக்ஸ் வாங்கி வருவார். அடிதடிக்குத் தயாராக இருந்த எனக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிந்தது. காலம் மாறித்தான் போச்சு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பிறகு அண்ணனுடைய சின்னவள் பெரியவளானாள். அவளுடைய முதல் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தைத்தவள் நான். சடங்குக்குப் பாவாடை தாவணியும் நான்தான் தைத்தேன். பிள்ளையை மணையில் உட்கார வைத்து அத்தைமாரைக் கூப்பிட்டார்கள். கூடப்பிறந்த அத்தை என்று அவளைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணி என்னிடம் வந்தார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"இந்தா புள்ள, கோவிச்சுக்காத. என்ன முறை சொல்லி உன்னைக் கூப்பிடுறது? பழையபடி தங்கச்சிதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. இப்பவே செம்பைத் தாரேன்."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொன்னால் அத்தை, உண்மையைச் சொன்னால் யாரோ. சே, என்ன பிழைப்பு இது! வருஷக்கணக்காகச் சொன்ன வார்த்தைதான், அன்றைக்கு மட்டும் வாயில் வரவில்லை.

"வேணாம் அண்ணி. நீங்க நடத்துங்க."

பின்பக்கம் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி. தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு அவள் ஈர முந்தானையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"அடுத்த கூட்டம் எப்ப?" என்றாள்.

"எந்தக் கூட்டம்?"

"அதான், ஹட்டன்ல."

"ஞாயித்துக்கிழமை. ஒன்னும் நடக்காது. டீயும் ரோல்ஸும்தான்."

"இருக்கட்டும்" என்று என் கையிலிருந்த தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டாள். "எனக்கும் ஒரு ரோல்ஸ் எடுத்து வைக்கச் சொல்லு."