சரசு அக்கா ஒட்டிய கண்ணாடி இழை

அடி அண்ணாமலையில் வீட்டு இன்டர்நெட் நின்றுபோனால் எல்லோரும் கூப்பிடுவது சரசு அக்காவைத்தான். அவர் கணவர் தசரதன் கேபிள் டிவி நடத்தியவர். அவர் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபின், எட்டாவது வரை படித்த அக்கா ஏணியைத் தோளில் எடுத்தார். ஃபைபர் வந்தபோது டவுனில் இரண்டு நாள் பயிற்சி. போனவர்களில் அவர் ஒருவர்தான் பெண்.

போன பௌர்ணமியன்று மத்தியானம் எங்கள் வீட்டு நெட் நின்றது. நான்கு மணிக்கு என் தங்கை கவிநிலா சேலத்தில் மாநிலக் கபடி அரையிறுதி ஆடுகிறாள். யூடியூபில் மட்டும் நேரலை. அவள் ஆடி அம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கிரிவலக் கூட்டத்தில் செல்போன் நெட் நகராது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரியான நான் ரௌட்டரை ஐந்து தடவை அணைத்துப் போட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அக்காவுக்கு போன் செய்தேன்.

"செவப்பு லைட்டு எரியுதா, சிமிட்டுதா?"

"சிமிட்டுதுக்கா."

"அப்ப வூட்ல ஒண்ணுமில்ல, லைன் போயிடுச்சு. வா, நடந்தே பாக்கலாம்."

ஏணியை நான் தூக்கிக்கொண்டேன். கூட்டத்துக்கு எதிராக, அண்ணாந்து பார்த்தபடியே நடந்தோம். ஒரு அன்னதானப் பந்தலின் தார்ப்பாயை எங்கள் லைனில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"யாருங்க கட்னது?"

பந்தல்காரர் கரண்டியோடு வந்தார். "கொடிக்கயிறுனு நெனச்சோம்மா. சாமி காரியம், நாளைக்கு அவுத்துடறோம்."

"சாமி காரியம் நடக்கட்டும்ண்ணா. உள்ள கண்ணாடி, தலமுடி மாதிரி. உங்க முடிச்சுல ஒடிஞ்சிருக்கு. பாய நான் வேப்பமரத்துல கட்டித் தரேன்."

கட்டியும் தந்தார். பிறகு சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, இழை ஒட்டும் மெஷினை வைத்து, லைனை இறக்கி இழையைச் சீவி, ஸ்பிரிட்டால் துடைத்தார்.

"இன்னாம்மா, செல்போன் ரிப்பேரா?" என்றார் கிரிவலம் வந்த ஒருவர்.

"ஆமாங்க. கால தேய்க்காம நடங்க, தூசி ஜாஸ்தியா வருது."

ஒடிந்த இரண்டு முனைகளையும் உருக்கி ஒட்டினார். ஒளி இழையைப் பற்றிப் பரீட்சையில் நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். அப்படியானால் நான் படித்தது என்ன? ஆனால் அந்த வெட்கத்தைவிட, இவர் எங்கள் தெருக்காரர் என்ற பெருமைதான் அப்போது பெரிதாக இருந்தது.

நான்கு பத்துக்கு, மூன்றாவது தடவை அடித்தபோது அம்மா எடுத்தார்.

"பச்சை வந்துச்சாம்மா?"

"எப்பவோ வந்துச்சு. போன வைடி, பாப்பா கோடு தாண்டறா!"

"எத்தன பாயிண்ட்டுனு கேளு," என்றார் அக்கா, லைனை மறுபடி மேலே கட்ட ஏணியில் கால் வைத்தபடி.

அம்மா அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தார்.