குழாய் வாயில் சீலைத்துணி

எங்கள் எஸ்டேட் லைனில் வரிசையாக ஐந்து வீடுகள். ஐந்துக்கும் ஒரே தகரக் கூரை. மாரமங்கலம் போகிற மலை வழியில், காப்பித் தோட்டத்துக்குக் கீழே இருந்தோம். கூரை ஓரம் நெடுக மழைத் தண்ணீரை வாங்க வளைத்த தகரம் ஒன்று ஓடும். தண்ணித் தகரம் என்போம். இரண்டு கடைசியிலிருந்தும் நடுவுக்குச் சாய்வு. தண்ணீர் இறங்கும் குழாய் மூன்றாவது வீடும் நாலாவது வீடும் சேரும் இடத்தில். மூன்றாவது வீடு என்னுடையது.

அவரவர் வீட்டு நீளத்தை அவரவர் துடைக்க வேண்டும். சில்வர் ஓக் இலை விழுந்துகொண்டே இருக்கும். நனைந்தால் சாணி மாதிரி ஆகிவிடும். குழாய் எங்கள் பொறுப்பு.

கோடையில் கிணறு வற்றும். அதனால் காப்பி பூக்கிற மாதத்தில் வரும் சிறு மழையை யாரும் வீணாக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரி குழாய் வாயைப் பழைய சீலைத்துணியால் அடைப்பாள். தண்ணீர் குழாயில் இறங்காமல் எங்கள் வாசலில் வழியும். அங்கே ட்ரம் வைத்திருப்பாள். லைன் முழுக்க அதிலிருந்துதான் மொண்டு போவார்கள். பெருமழைக்கு முன்னால் வரும் திருவிழா சேர்வராயன் கோயில் நோம்பி. அதற்குப் போய் வந்த மறுநாள் எல்லாரும் ஏணி சாத்தித் தகரத்தைத் துடைப்போம். அன்றைக்குத் துணியை எடுத்துவிட வேண்டும். பெருமழைக்கு அந்த அடைப்பு ஆகாது. தகரம் நிறைந்து பின்பக்கமாக வழியும். எங்களுக்கும் நாலாவது வீட்டுக்கும் பொதுவான மண் சுவரின் தலையில் இறங்கும்.

அந்த வருஷம், எண்பதுகளின் தொடக்கம், நோம்பிக்கு நாங்கள் போகவில்லை. அவளுக்குக் காய்ச்சல். சேலத்து ஆஸ்பத்திரியில் இருந்தோம். மற்ற நாலு வீட்டுக்காரர்களும் அவரவர் பங்கைத் துடைத்து முடித்தார்கள். எட்டாம் நாள் அவள் உடலைக் குப்பனூர் ரோடு வழியாக லாரியில் கொண்டு வந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி நானே வைத்தேன்.

அவள் போன மூன்றாம் நாள் மழை பிடித்தது.

வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். சத்தத்திலேயே தெரிந்தது. குழாயில் தண்ணீர் இறங்கினால் கடகடவென்று வரும். அது வரவில்லை. சுவருக்குள் சொட்டுகிற சத்தம்தான் வந்தது. அடைத்தவள் அவள். எடுக்க வேண்டியவன் நான். எழுந்திருக்கவில்லை.

எழுந்தாலும் ஏணி சாத்த முடியாது. பாடை கட்டுவது ஏணி மாதிரிதான். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை ஏணி சாத்த மாட்டோம். சாத்தினால் பக்கத்தில் இன்னொரு உயிரைக் கேட்கும் என்பார்கள். பக்கத்தில், நாலாவது வீட்டில், பிறந்து இருபது நாள் ஆன பெண் குழந்தை இருந்தது. அதன் தொட்டில் அந்தப் பொதுச் சுவரை ஒட்டித்தான் தொங்கியது.

ஏழாம் நாள் அந்தக் குழந்தையின் தகப்பன் சோறு கொண்டு வந்தான்.

“ஏனுங்ண்ணா, நேத்து வச்சதும் அப்படியே கெடக்குதுங்களே.”

“பசிக்கல.”

அவன் சுவரைப் பார்த்தான். பாதி உயரத்துக்குக் கறுத்திருந்தது.

“செவுரு ஓதமாத் தெரியுதுங்க.”

“ம்.”

“காரியம் முடியட்டுங்க. இன்னும் ஒம்போது நாள்தானுங்களே.”

தட்டை வைத்துவிட்டுப் போனான். வாசலில் ஏணி படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனான்.

பத்தாம் நாள் அவன் மாமியார் பேத்தியைப் பார்க்கக் குப்பனூரிலிருந்து வந்தார். மழையில் நனைந்துகொண்டு மூட்டையோடு வந்த பெரிய உருவம். வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் என் வாசலில் நின்றார்.

“ஏனுங்க, இந்த ஊட்ல யாராச்சும் உசுரோட இருக்கீங்களா?”

நாலாவது வீட்டுக்குள்ளேயிருந்து மகள் கத்தினாள். “அம்மா, சும்மா இரு. அது துக்க ஊடு.”

“துக்க ஊடுன்னா காது கேக்காதா?” என்னைப் பார்த்தார். “தம்பி, செவுத்துல வெரல வச்சேன். களியில போற மாதிரி உள்ள போவுது. மேல என்ன அடைச்சிருக்குது?”

“துணி.”

“எடுக்கறதுக்கென்ன?”

மருமகன் ஓடி வந்தான். “ஏணி சாத்தக் கூடாதுங்கத்தை. சாத்துனா இன்னொண்ணு கேக்கும்ங்க.”

“செவுரு உழுந்தா, அது கேக்காமயே எடுத்துக்குமே மாப்ள. பரவால்லைங்களா?”

அவன் தொட்டில் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. பயம் அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

“எங்கூர்ல செத்த ஊட்டுல எல்லாம் ஏணி சாத்திக்கிட்டுத்தான் இருக்கறோம். சாவ வேண்டியதெல்லாம் இன்னும் குண்டுக்கல்லாட்ட உக்காந்திருக்குது.” அந்தம்மா சுற்றிலும் பார்த்தார். “சரி. ஏணிதான ஆவாது? ட்ரம்மு ஆவாதுன்னு எவஞ் சொன்னான்?”

வாசலில் இருந்த ட்ரம்மைச் சாய்த்தார். அது நிறைய இருந்தது. அவள் கோடையில் பிடித்து வைத்த தண்ணீரும் அதற்குள்தான். எல்லாம் வாசலில் ஓடிப் பள்ளத்துக்குப் போனது. ட்ரம்மைக் கவிழ்த்துப் போட்டுக் குழாய்க்கு நேரே உருட்டி வைத்தார்.

“ஏறு சாமி.”

ஏறினேன். பத்து நாளாகச் சரியாகத் தின்னவில்லை. அந்தம்மா என் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். தகரத்துக்குள் முழங்கை வரைக்கும் இலைச்சேறு. அள்ளி அள்ளிப் போட்டேன். துணி ஊறிப் பருத்திருந்தது. வரவில்லை. சுற்றி இழுத்தேன். வந்தது. பச்சைச் சீலை, மஞ்சள் கரை. களை வெட்டப் போகும்போது கட்டுவாள்.

குழாயில் கடகடவென்று தண்ணீர் இறங்கியது.

துணியைக் கீழே போட்டேன். அந்தம்மா எடுத்துப் பார்த்தார்.

“அவளுதுங்களா?”

“ம்.”

துணியைப் பிழிந்து வேலியில் போட்டார். பிறகு உள்ளே போய்த் தொட்டில் கயிற்றைக் கழற்றி எதிர்ச் சுவர் பக்கம் கட்டச் சொன்னார். மருமகன் கட்டினான்.

பன்னிரண்டாம் நாள் மழை விட்டது. வெயில் அடித்தது. ஊறின மண் சுவர் மழையில் நிற்கும், வெயில் பட்டால்தான் விழும். மத்தியானம் விழுந்தது. அவர்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. கூரை கம்பத்தில் நின்றதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தூசி அடங்கியதும் அந்த வீடு முழுக்க எனக்குத் தெரிந்தது. முன்பு தொட்டில் தொங்கிய இடத்தில் இடுப்பளவு மண். எதிர்ப்பக்கத்தில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. அவன் மண் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் பார்த்தேன். அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் ஏணி சாத்தி மீதியைத் துடைத்தேன். அவன் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டான்.

எஸ்டேட் கொத்தனார் வர ஒரு மாதம் ஆனது. அதுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவே சாக்குப் படுதாதான். பிள்ளை அழுவது, அதன் தாய் அதட்டுவது, சட்டி உருள்வது எல்லாம் என் வீட்டுக்குள்ளேயே நடப்பது போல் கேட்டது. அது நன்றாக இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் வந்த பிறகு கேட்கவில்லை.

அடுத்த வருஷம் காப்பி பூத்தது. மேகம் கட்டிய அன்றைக்கு நாலாவது வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் கிழிந்த வேட்டித் துணி.

“ஏனுங்ண்ணா, கெணத்துல தண்ணி இல்ல. கொழாய அடைக்கட்டுங்களா?”

ட்ரம்மை நிமிர்த்தி வாசலில் வைத்தேன்.

“அடைங்க” என்றேன். “எடுக்கறது நான் பாத்துக்கறேன்.”

நோம்பிக்கு எல்லாரும் மலை ஏறினார்கள். நான் போகவில்லை. அவர்கள் திரும்புவதற்கு முன்பே ஏணி சாத்தித் துணியை எடுத்துவிட்டேன்.