சத்தமில்லாமல் திருத்திய பக்கம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. புரோகிராமர்கள் ஏனோதானோவென்று எழுதிக் கொடுக்கும் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைப் படிக்கிறவங்களுக்கு என்ன புரியும்னு நினைக்கிறீங்க?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். அதற்குக் கிடைத்த பட்டம் அது.

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான போன்களுக்கு மெசேஜ் அனுப்பித் தருவது அந்த நிறுவனத்தின் தொழில். வங்கி, கல்லூரி, அரசு அலுவலகம் என்று யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியை அதோடு இணைத்துக்கொள்ளலாம். எப்படி இணைப்பது என்று அந்தந்த இடத்துப் புரோகிராமர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வெப்சைட் வேண்டும். டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படி ஒன்று இருந்தது என்று சொன்னால் பாவம் பிடிக்கும். பாதி விஷயம் பழைய மின்னஞ்சல்களில் கிடந்தது. மீதி இரண்டு மூத்த புரோகிராமர்களின் மண்டைக்குள் இருந்தது. அவர்களைக் குடைந்து குடைந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பக்கம் பக்கமாக எழுதி, தேடும் வசதி வைத்து, ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது அவள்தான். அதன்பிறகு யாராவது சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது மாற்றினால் அவளுக்கு மூக்கு வேர்த்துவிடும். பக்கத்தையும் மாற்றவைத்துவிட்டுத்தான் அந்த ஆளைச் சாப்பிடப் போகவிடுவாள்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படிக்கிற புரோகிராமர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளத் தரும் மாதிரி நிரல் எதையும் கையால் தட்டிப் பக்கத்தில் போடமாட்டாள். தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, ஓடியதை மட்டுமே எடுத்து ஒட்டுவாள். இப்படி ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு சோதனை சர்வர் இருந்தது. எந்த மெசேஜைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு "அனுப்பப்பட்டது" என்று பதில் சொல்லும், ஆனால் யாருக்கும் எதையும் அனுப்பாது. வாடிக்கையாளர்களும் பழகுவதற்கு அதைத்தான் பயன்படுத்துவார்கள். அதில் வந்து விழுவதையெல்லாம் டீச்சர் தினமும் ஒரு தடவை மேய்வாள். படிக்கிறவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும்.

அன்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணனுக்கு ஆற்றங்கரைத் தெருவில் தையல் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு.

"ஆத்துல தண்ணி எப்படிண்ணே இருக்கு?"

"சத்தம் பலமாத்தான் இருக்கு. உங்க அண்ணி துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சிட்டா. அணையைத் திறந்தா உங்க கம்பெனி மெசேஜ் வரும்ல, வந்ததும் கிளம்பிடுவோம். தெருவே அதுக்குத்தான் காத்துட்டிருக்கு."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீரைத் திறந்துவிடும் முன் கரையோரத்து ஜனங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப, நீர்த்துறை அந்த வருஷம்தான் அவள் நிறுவனத்தின் சேவையை எடுத்திருந்தது. அதை இணைத்துக் கொடுத்த பொறியாளர் அவளுடைய பக்கங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பவர். சின்னச் சந்தேகம் என்றாலும் பணிவாக எழுதிக் கேட்பார். எல்லா வாசகர்களும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று டீச்சர் அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

போனை வைத்துவிட்டுச் சோதனை சர்வரைத் திறந்தாள். முதல் வரியிலேயே இருந்தது. "அணையின் மதகுகள் திறக்கப்படுகின்றன. கரையோரம் வசிப்பவர்கள் உடனே மேடான இடத்துக்குச் செல்லவும்." அனுப்பியது நீர்த்துறை. பெற வேண்டியவர்கள், ஆற்றங்கரைத் தெருக்கள் அத்தனையும். பதில், அனுப்பப்பட்டது.

ஒத்திகையாக இருக்கும் என்று மனசு முதலில் சமாதானம் சொன்னது. அந்தப் பொறியாளரின் பழைய ஒத்திகைகளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் "இது சோதனை" என்றுதான் தொடங்கியது. இதில் அந்தச் சொல் இல்லை. மறக்கிற ஆளும் இல்லை அவர்.

ஜனங்களுக்கு நேரடியாக அனுப்புவது எப்படி என்று சொல்லும் பக்கத்தைத் திறந்தாள். அவள் எழுதிய பக்கம். மாதிரியில் மெசேஜ் போய்ச்சேர வேண்டிய முகவரியைப் பார்த்தாள். நிஜ சர்வரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சோதனை சர்வரின் முகவரி இருந்தது.

சில மாதங்களுக்கு முன் நடந்தது இதுதான். அந்த மாதிரியை நிஜ ஜனங்களிடம் ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் சோதனையில் ஓட்டி, ஓடியதை வழக்கம்போல ஒட்டிவிட்டு, முகவரியை மட்டும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மொத்த வெப்சைட்டையும் புது இடத்துக்கு மாற்றும் வேலை வந்து கழுத்தைப் பிடித்தது. அந்த அப்புறம் வரவே இல்லை.

எழுந்து ஓடினாள். ஓடிக்கொண்டே அண்ணனைக் கூப்பிட்டு, "மெசேஜுக்குக் காத்திருக்காதீங்க, கிளம்புங்க, பக்கத்துலயும் சொல்லுங்க" என்றாள். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அடுத்த அறையில் இருந்தார். அவருக்கு முன்னால் லேப்டாப்பை வைத்தாள்.

"இந்த மெசேஜை நிஜ சர்வர்ல போடுங்க. இப்பவே."

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வாடிக்கையாளர் பேர்ல நாமளா எதையும் அனுப்பக் கூடாது டீச்சர். மேனேஜர்கிட்ட கேட்டீங்களா?"

"விமானத்துல இருக்கார்."

"நீர்த்துறைக்குப் பேசினீங்களா?"

"நீங்களே பேசிப் பாருங்க."

அவர் போனை எடுத்துப் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் போட்டார். டீச்சருக்கு அவர் கையைப் பிடித்து இழுக்கவேண்டும் போல இருந்தது.

"ஒத்திகையா இருந்து, நாம ஊரையே கிளப்பி ஓடவிட்டா? நம்ம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார்.

"அங்க மெசேஜ் போயாச்சுன்னு நம்பி மதகைத் தூக்குறாங்க சார். இங்க ஒருத்தருக்கும் போகல. ஜனங்க மெசேஜ் வரட்டும்னு வீட்டுக்குள்ள உக்காந்திருக்காங்க. தப்பு நான் எழுதின பக்கத்துல. என் பேரைப் போட்டு அனுப்புங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெசேஜை நிஜ சர்வரில் போட்டு அனுப்பினார்.

சாயந்திரம் அண்ணன் மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து பேசினார். தெரு முழுக்க வந்துசேர்ந்துவிட்டது. கீழ்த்தெருவில் மட்டும், நடக்க முடியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் சுமந்தவர்கள் தடுக்கி விழ, அவருக்குக் கால் முறிந்துவிட்டது. உயிர் பிழைத்தார் என்று அண்ணன் ஆறுதலாகச் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. மெசேஜ் நேரத்தோடு போயிருந்தால் அந்த மனிதர் காய்ந்த தரையில் வந்திருப்பார்.

வெப்சைட் பக்கத்தில் முகவரியைத் திருத்திவிட்டாள். விமானத்தைவிட்டு இறங்கிய மேனேஜர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பக்கத்தை மாத்தியாச்சுல்ல? அதோட விடுங்க. நீர்த்துறை கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்களா வாயைத் திறக்காதீங்க."

சரி என்றாள். உண்மையைச் சொன்னால், அப்படி ஒருவர் சொன்னது அவளுக்கு அப்போது நிம்மதியாகவே இருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததைத் திரும்பவும் கேட்டுக்கொண்டிருந்தபோது மேஜை போன் அடித்தது. எடுத்தாள். நீர்த்துறைப் பொறியாளர். இத்தனை நாளும் எழுத்தில் மட்டுமே தெரிந்த மனிதரின் குரல் அவள் நினைத்ததைவிட இளசாக இருந்தது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம். மெசேஜ் லேட்டானதுக்கு விசாரணை வெச்சிருக்காங்க. என்னை வேலையைவிட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. எங்க தப்பு பண்ணேன்னு தெரியாம உங்க பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அதுல முகவரி சரியாத்தான் இருக்கு. நான்தான் சோதனைப் பக்கத்துல இருந்து மாத்தி எடுத்திருக்கேன் போல. எப்படி எடுத்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. என் தப்புதான்னு எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன். உங்க கம்பெனிக்கும் என்னால கெட்ட பேரு. அதான் உங்ககிட்ட நேரடியா ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு."

எதிரே இருந்த மேனேஜர், பேசுவது யார் என்று புரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

"இல்ல மேடம். இனிமேதான்."

"கொடுக்காதீங்க. நீங்க இப்ப பாக்குறது நான் நேத்து மாத்தின பக்கம். நீங்க எடுத்தப்ப அதுல தப்பான முகவரிதான் இருந்துச்சு. அதைப் போட்டது நான்."

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார். போனில் அவர் குரல் கேட்டது, ரொம்பச் சன்னமாக.

"அப்ப நான் சரியாத்தான் பண்ணேனா மேடம்?"

"சரியாத்தான் பண்ணீங்க" என்றாள். "விசாரணை எங்க நடக்குதுன்னு சொல்லுங்க. நான் வரேன்."